அலாரம் மாட்டும் தொழிலில் தனியாக இறங்கும் முன்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் கடன் என்றாலே கறவை மாடு, ஆடு, தையல் மிஷின் என்று பேசிப் பழகியவர்கள் நாம். 2023-ல் நம் குழு ஒன்றில் ஒரு உறுப்பினர் வேறு ஒன்று கேட்டார். வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டித் தரும் தொழில் தொடங்க வேண்டும், 30,000 ரூபாய் உள்கடன் வேண்டும் என்றார். ஐ.டி.ஐ. படித்தவர். டவுனில் கேமராவும் அலாரமும் மாட்டும் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். இப்போது இன்னும் மூன்று பேர் இதே தொழிலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

அன்றைய குழுக் கூட்டத்தில், "பொம்பளப் புள்ள ஏணி ஏறுறதா?" என்று சிலர் கேட்டார்கள். அதற்கு எங்களிடம் பதில் இருந்தது. வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள், யாரோ ஒரு ஆளைப் படுக்கையறை வரை விடுவதற்குப் பதில் நம் பெண்ணைத்தான் விடுவார்கள் என்றோம். ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "நாளைக்கு அந்த வீட்டுல திருடு போச்சுன்னா, முதல்ல நம்ம புள்ளையைத்தானே மேடம் கூப்பிட்டு விசாரிப்பாங்க?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

நியாயமான பயம்தான் அது. பீரோ எங்கே இருக்கிறது, கொல்லைக் கதவு எப்படிப் பூட்டுகிறது, வீட்டுக்காரர் எந்த மாதம் ஊருக்குப் போவார் என்பதெல்லாம் அலாரம் மாட்டுபவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கடன் முடிவை ஒரு மாதம் தள்ளி வைத்து, அவரோடு உட்கார்ந்து சில வழிமுறைகளை எழுதினோம். வேலை முடிந்ததும் ரகசிய எண்ணை வீட்டுக்காரரே மாற்ற வேண்டும். அப்போது இவர் வாசலுக்கு வந்துவிட வேண்டும். "எண்ணை நானே மாற்றிக்கொண்டேன்" என்று பில்லின் பின்புறம் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ரிமோட், சாவி எதுவும் இவர் பையில் இருக்கக் கூடாது. காவல் துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டினால் நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்று தருகிறார்கள். அதை வாங்கி நகல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டைப் பற்றி இன்னொரு வீட்டில் வாயே திறக்கக் கூடாது. குழுவிலும் சேர்த்துத்தான் சொல்கிறோம்! கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நாம் என்னென்ன பேசுகிறோம் என்பது நமக்கே தெரியும்.

சரி, அலாரம் என்பது என்ன? கதவில் ஒரு சிறு காந்தம், நிலையில் அதற்கு எதிரே ஒரு சுவிட்ச். கதவு திறந்து இரண்டும் விலகினால் பேனல் பெட்டிக்குத் தகவல் போகும். கூடத்துச் சுவரில் ஏழெட்டு அடி உயரத்தில் ஒரு சென்சார் இருக்கும். ஆள் நடமாடும்போது உடம்புச் சூடு இடம் மாறுவதை அது கண்டுபிடிக்கும். உடனே சைரன் அலறும். பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக வீட்டுக்காரருக்குப் போன் போகும். கரண்ட் போனாலும் ஓட பேட்டரி உண்டு. மெயின் லைனை மட்டும் நாம் தொடக் கூடாது. அது லைசென்ஸ் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. நாம் பிளக்கில் செருகுவதோடு சரி.

குழு கடைசியில் 15,000 கொடுத்தது. ட்ரில்லிங் மிஷின், ஏணி, மல்டிமீட்டர், சில்லறைக் கருவிகள், வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு செட், பில் புத்தகம் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. சரக்கு வாங்கி அடுக்கவில்லை. வாடிக்கையாளரிடம் செட்டுக்கு முன்பணம் வாங்கி, அதன் பிறகுதான் கடைக்குப் போவார். மாதம் 1,000 அசல், அதோடு ரூபாய் வட்டி. 30,000 கொடுத்திருந்தால் பாதி பெட்டிகளாகக் கிடந்திருக்கும் என்று இப்போது அவரே சொல்கிறார்.

மூன்றாவது வீட்டில்தான் சோதனை வந்தது. நடுராத்திரி 2 மணிக்கு சைரன் அடித்தது. மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர், "கழட்டிட்டுப் போம்மா, பணத்தைத் திருப்பிக் குடு" என்று சொல்லிவிட்டார். இவர் பெட்டியை மாற்றிப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அனுமதி கேட்டு இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சென்சாரை டியூப் லைட் பக்கத்தில் மாட்டியிருந்தார். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். அந்தப் பல்லி சென்சார் முகத்தின் மேலேயே நடந்திருக்கிறது! சென்சாரை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அதோடு நின்றது. நேர் வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தும், அடுப்பைப் பார்த்தும் மாட்டினாலும் இதே தொல்லைதான்.

அந்த ஒரு வீட்டுக்கு நான்கு தடவை பஸ் ஏறியதில் மாட்டுக்கூலி கரைந்துவிட்டது. தனியாகத் தொழில் செய்வதில் பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான். கடையில் வேலை செய்தபோது திரும்பப் போகும் செலவு முதலாளியுடையது. இப்போது அது நம்முடையது. ஆகவே விலை சொல்லும்போதே, முதல் வருடம் இரண்டு தடவை வந்து பார்ப்பதையும் கூலியில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் வந்தால் தனிக் கட்டணம் என்று பில்லில் எழுத வேண்டும். "விலை ஜாஸ்தி" என்று இரண்டு வீடுகள் விட்டுப் போகலாம், போகட்டும். பேட்டரி மாற்றுவது, சென்சார் துடைப்பது, சிம் ரீசார்ஜ் முடிவதற்குள் நினைவுபடுத்துவது ஆகியவற்றில்தான் பிறகு நிலையான வருமானம் வருகிறது. ரீசார்ஜ் தீர்ந்த அலாரம் யாருக்கும் போன் பண்ணாது. 2ஜி மட்டும் உள்ள பழைய பெட்டியில் ஜியோ சிம் போட்டால் வேலையே செய்யாது. அதையும் வாங்கும்போதே பாருங்கள்.

இன்னொன்று, அலாரம் திருடனைப் பிடித்துத் தரும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது சத்தம் போடும், தகவல் சொல்லும், அவ்வளவுதான். வெளியூரில் இருக்கும் மகன் எண்ணோடு பக்கத்து வீட்டு எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஊருக்குப் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் ஆடினால், முதலில் தச்சரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதால் நம் உறுப்பினருக்கு அன்று ஒரு வேலை தள்ளிப்போனது. அந்த அம்மாவே பிறகு இரண்டு வீடுகளுக்கு அனுப்பி வைத்தார்.

படிப்பு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களின் பயிற்சிகளில் கேமரா, அலாரம் பொருத்துவதும் ஒன்று. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். நம் மாவட்டத்தில் எப்போது நடத்துவார்கள் என்று கேட்டுச் சொல்கிறோம். ஆனால் பயிற்சி முடிந்த மறுநாளே கடன் கேட்காதீர்கள். ஆறு மாதமாவது ஒரு கடையில் உதவியாளராக இருந்துவிட்டு வாருங்கள். பிறகு உத்யம் பதிவு செய்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. வங்கியில் முத்ரா சிசு கடன் 50,000 வரை பிணையில்லாமல் கேட்கலாம்.

பெயர் கொடுத்த மூன்று பேரும் அடுத்த வாரம் தீர்மான நோட்டு நகலுடன் அலுவலகம் வாருங்கள். ஏணியில் நின்றால் தலைசுற்றும் என்பவர்கள் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.