ஈரி ஏரிக்கரையில் இரண்டு நாட்கள்
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். பட்டமளிப்புப் படங்களைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டீர்களே! ஆகவே, நாங்கள் மூவரும் வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போன கதையைச் சொல்கிறோம்.

1992 செப்டெம்பர். ரொறன்ரோவில் படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தியின் அம்மா, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வரப்போவதாக எழுதியிருந்தார். அதன்பின் ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. ஊருக்குத் தொலைபேசி எடுக்க முடியாத காலம். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், விரிவுரைக்குப் போவதைக் குறைத்தாள், கடைசியில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பப் போகிறேன் என்றாள். அறைக்குள் இருந்தால் விசர்தான் பிடிக்கும் என்று, ஒரு சனிக்கிழமை விடியற்காலை இரவல் காரில் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

போன இடம் பொயின்ற் பீலி. கனடாப் பெருநிலத்தின் தென்கோடியில், ஈரி ஏரிக்குள் ஊசிபோல நீளும் மணல்முனை. வழியில் லெமிங்ரன் என்ற ஊரில், தக்காளிப்பழ வடிவத்தில் ஒரு தகவல் கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அதைக் கண்டுதான்.

சனிக்கிழமை முழுவதும் மழை. ஒரு பூச்சியும் இல்லை. பாணும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

ஞாயிறு காலை குளிர்ந்தது, வானம் வெளித்திருந்தது. முனைக்குக் கிட்டவுள்ள சீடர் மரங்களில் காய்ந்த சருகு தொங்குவதாகத்தான் முதலில் நினைத்தோம். வெயில் பட்டதும் சருகுகள் செம்மஞ்சளாய் விரிந்தன. மொனாக் வண்ணத்துப்பூச்சிகள்! ஏறத்தாழ 13 பாகை வெப்பம் வரும்வரை அவற்றால் நன்றாகப் பறக்க முடியாதாம்.

கிட்டப் போய்ப் பார்த்தபோது பழகிய முகமாக இருந்தது. விலங்கியல் ஆசிரியை சொல்லி, எருக்கலையில் வரிவரியாக ஊரும் புழுவை ஜாம் போத்தலில் வளர்த்தோமே, அதன் இனசனம்தான் இது. இதன் புழுவும் எருக்கலைக் குடும்பத்துச் செடியைத்தான் தின்னும்.

அரைக் கிராம் நிறைகூட உறுதியில்லாத இந்தப் பூச்சி மெக்சிக்கோ மலைகளுக்குப் போகிறது. அது எங்கே போகிறதென்று தேடியவர், நாங்கள் படித்த ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரெட் ஏர்க்காட். கூடவே அவர் மனைவி நோரா. பல்லாண்டுகளாக, தொண்டர்களைக் கொண்டு சிறகில் சிறு அடையாளத்தாள் ஒட்டுவித்தார்கள். 1975 ஜனவரியில் கென் புரூகரும் கத்தலீனா அகுவாடோவும் அந்த மலையைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஏர்க்காட் அங்கே போனபோது, தாள் ஒட்டிய பூச்சியொன்று கண்ணில் பட்டது. அதை மினசோற்றாவில் ஒட்டிவிட்டவர்கள் ஓர் ஆசிரியரும் இரண்டு பள்ளி மாணவர்களும்!

கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழும். இலையுதிர்காலத்தில் போகும் தலைமுறைக்கு மட்டும் எட்டு மாதம்வரை ஆயுள். அதுவும் வசந்தத்தில் வடக்கே திரும்பும் வழியில் முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும். கனடாவுக்கு வந்து சேர்வது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். வழி சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

மணல்முனையின் நுனியில் வெகுநேரம் நின்றோம். எதிர்க்கரை தெரியவில்லை. சில பூச்சிகள் தண்ணீருக்கு மேலே போய், காற்றுப் பிடிக்காமல் திரும்பி மரத்தில் அமர்ந்தன. எங்கள் தோழி பூங்கா அலுவலரிடம், "காற்று மாறாவிட்டால்?" என்று கேட்டாள். "காத்திருக்கும்," என்றார் அந்தப் பெண்மணி. "ஒரு நாள், சிலவேளை மூன்று நாள்."

பத்தரைமணிபோல் காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக நீருக்கு மேலே போய் மறைந்தன. அவள் கைதட்டவில்லை, அழவில்லை. "தண்ணீரைக் கடக்கிறவைக்கு நாள் பார்க்கத் தெரியும்போல," என்றாள். திரும்பும் வழியெல்லாம் நித்திரை கொண்டாள். திங்கட்கிழமை விரிவுரைக்குப் போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வவுனியாவிலிருந்து கடிதம் வந்தது. காற்று சரியில்லாததால் கிளாலியில் ஆறு இரவு காத்திருந்ததாக அம்மா எழுதியிருந்தார். அடுத்த வரியிலேயே, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நல்ல கம்பளிச்சட்டை வாங்கினாயா என்று கேட்டிருந்தார்.