தூரத்துப் பட்டத்துக்குப் பக்கத்திலும் ஆசிரியர் வேண்டும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர், "மருத்துவம் பற்றி வேண்டாம். மாத்தளையில் வேலை செய்துகொண்டே வெளிநாட்டு முதுமாணிப் பட்டம் எடுத்தது எப்படி என்று சொல்லுங்கள். அதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்" என்றார். கேட்பவர்கள் யாரென்று எனக்கும் தெரியும். ஆசிரியைகள், தாதியர், வங்கியில் வேலை செய்பவர்கள், இளம் வைத்தியர்கள். வீட்டையும் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் விட்டு இரண்டு வருடம் வெளிநாடு போக முடியாதவர்கள். அவர்களுக்குத் தொலைக்கல்வி ஒரு வசதி மட்டுமல்ல, பலருக்கு இருக்கின்ற ஒரே வழியும் அதுதான்.

அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். கட்டணம் எவ்வளவு? என் ஆங்கிலம் போதுமா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. "எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?" நான் அறிந்தவரையில், பாதியில் விட்டவர்கள் பணத்தாலோ ஆங்கிலத்தாலோ விட்டதைவிட, கேட்க ஆளில்லாமல் விட்டதுதான் அதிகம். ஆகவே இன்று அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு, மருத்துவம் தவிர்ந்த தன் பரீட்சைகளை, எந்தக் கல்லூரியில் படித்தவர் என்று பாராமல் திறந்துவிட்டது. பெண்களுக்கு அதன் பட்டங்கள் 1878இல் கிடைத்தன. நம் தாத்தா, பாட்டி காலத்தில் "லண்டன் வெளிவாரி" என்று பேசப்பட்டது இதுதான். சுவாமி விபுலாநந்தர் துறவு பூணுமுன், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்த காலத்தில் படித்து, 1920இல் லண்டன் பீ.எஸ்ஸி. பரீட்சையில் சித்தியடைந்தார். அக்காலத்தில் லண்டன் தந்தது பாடத்திட்டமும் வினாத்தாளும்தான். ஆசிரியரைத் தரவில்லை.

அந்தக் குறையை இந்த நாடு எப்படித் தீர்த்தது? 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே கற்பித்தவர்கள் இங்கிருந்தார்கள். பரீட்சை லண்டனுடையது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இருபது வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் நடந்தது. பட்டம் தூரத்திலிருந்து வந்தது, ஆசிரியர் பக்கத்தில் இருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

பிறகு நிலைமை மாறியது. 1971இல் கற்பித்தலைத் தொடங்கிய பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியரைக் கொடுத்தது. ஒப்படையைத் திருத்தி, குறிப்பெழுதி அனுப்புவது அவருடைய வேலை. நமது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் வந்தது. இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைக்கல்வியில் சேரும் மாணவிக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாமாகத் தேடி வரமாட்டார்கள். நம் டீச்சர்மார் முகத்தைப் பார்த்தே "என்ன பிள்ளை, விளங்கவில்லையா?" என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பவருக்கு நம் முகம் தெரியாது. நாம் எழுதினால்தான் நாம் இருப்பதே தெரியும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு இந்நாட்டில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இருக்கலாமென்று சந்தேகிக்கப்பட்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அப்போது நான் இளம் வைத்தியர். வயலில் இறங்கி வேலை செய்த, நல்ல உடல் பலமுள்ள ஆண்கள், ஒரு வாரக் காய்ச்சலில் சிறுநீரகம் செயலிழந்து வந்ததைப் பார்த்தேன். கட்டிலில் கிடப்பவருக்கு வைத்தியம் செய்யப் படித்திருந்தோம். அவர் கட்டிலுக்கு வராமல் தடுப்பதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. சில வருடங்களின் பின், இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொற்றுநோயியல் முதுமாணிக்குத் தொலைக்கல்வி வழியாகப் பதிந்தேன்.

முதல் நான்கு மாதங்கள் புத்தகங்களும் நானும் மட்டும்தான். இரவு கடமை முடிந்து வந்து, பிள்ளை தூங்கிய பிறகு படிப்பேன். புள்ளிவிபரவியலில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்று, விட்டுவிடலாமா என்று யோசித்த இரவுகள் உண்டு. அதிலிருந்து வெளியே வரக் கற்றுக்கொண்டவற்றைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலாவது, பீடம் என்பது ஓர் ஆள் அல்ல. பாடநெறி இணைப்பாளர், ஒவ்வொரு பாடத்துக்குமான ஆசிரியர், ஆய்வு மேற்பார்வையாளர், நூலகர், பரீட்சைப் பிரிவு அலுவலர் என்று பலர் இருக்கிறார்கள். மாணவர் கைந்நூலில் யார் எதற்குப் பொறுப்பு என்று இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நூலகரை மறந்துவிடாதீர்கள். தேவையான கட்டுரையை எப்படித் தேடுவது என்று எனக்கு முதலில் காட்டித் தந்தவர் நூலகர்தான்.

இரண்டாவது, "எனக்கு இந்தப் பாடம் விளங்கவில்லை" என்ற கடிதத்துக்கு எந்த ஆசிரியராலும் பதில் எழுத முடியாது. ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். நான் இதுவரை செய்தது இது, நின்றுபோன இடம் இது, எனக்குத் தெரியும் வழிகள் இரண்டு, இன்ன காரணத்தால் முதலாவதை நினைக்கிறேன், இன்ன திகதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் தரக்கூடிய கடிதத்துக்குத்தான் பதில் விரைவாக வரும்.

என் ஆய்வையே உதாரணமாகச் சொல்கிறேன். எலிக்காய்ச்சல் வந்த விவசாயிகளையும் வராத விவசாயிகளையும் ஒப்பிட வேண்டும். வராதவர்களை எங்கிருந்து எடுப்பது? அதே வயல்வெளியிலிருந்தா, அதே கிராம சேவகர் பிரிவின் வேறு வயல்களிலிருந்துமா? இதை மட்டும் கேட்டு, இரண்டுக்கும் உள்ள நன்மை தீமைகளை நாலு வரியில் எழுதினேன். இரு சாராரையும் ஒரே வயலிலிருந்து எடுத்தால் அந்த வயல் தண்ணீரின் பங்கு நம் கண்ணுக்கு மறைந்துபோகும், ஆகவே இரண்டாவதே சரி என்று மறுநாளே மேற்பார்வையாளரின் பதில் வந்தது. கூடவே மூன்று கேள்விகள். அவர்கள் சப்பாத்து அணிவார்களா? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீரில் நிற்பார்கள்? காலில் காயம் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர் நெல்வயலைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவருக்குக் கண்ணாக இருந்தது நான், எனக்கு வழிகாட்டியாக இருந்தது அவர். நாம் கொண்டுபோவதற்கும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் கேட்கும் கூச்சம் போய்விடும்.

மூன்றாவது, நேரில் பேசும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். லண்டனில் பிற்பகல் 3 மணி என்றால் இங்கே அவர்களுடைய கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சமையல் முடித்து உட்காரக்கூடிய நேரம்தான். பேசி முடித்த அன்றே, என்ன தீர்மானித்தோம், அடுத்து யார் என்ன செய்வது, எந்தத் திகதிக்குள் என்று ஐந்து வரி எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு எத்தனையோ மாணவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை நம் விடயத்தை அவருக்கு நினைவூட்டப் போவது அந்த ஐந்து வரிகள்தான்.

நான்காவது, கஷ்டம் வந்தால் திகதி கடக்குமுன் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டை யாரும் மறக்கமாட்டோம். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. ரூபாய் விழுந்ததால் பவுணில் கட்டவேண்டிய கட்டணம் மலைபோல் உயர்ந்தது. அந்த வருடம் நம் கல்லூரித் தங்கைகள் இருவர் தொலைக்கல்வியில் இருந்தார்கள். ஒருவர் ஆசிரியை. மின்வெட்டு அட்டவணையை இணைத்து, தன் நிலையை விளக்கித் தன் பாட ஆசிரியருக்கு எழுதினார். ஒப்படைக்கு அவகாசமும் கட்டணத்தைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் ஒழுங்கும் கிடைத்தன. இன்று அவர் பட்டதாரி. மற்றவர் தாதி உத்தியோகத்தர், என் கணிப்பில் இருவரில் கெட்டிக்காரி. "அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது" என்று யாருக்கும் எழுதவில்லை. பதிவு காலாவதியாகிப் போனது. எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. பெரியவர்களைத் தொந்தரவு செய்யாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். நல்ல வளர்ப்புத்தான். ஆனால் படிப்பு விடயத்தில் கேட்பது தொந்தரவு அல்ல. கட்டிய கட்டணத்தில் ஆசிரியரின் அந்த நேரமும் அடங்கும்.

இனி, பக்கத்து ஆசிரியர். முன்பு சொன்ன பல்கலைக்கழகக் கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே நோயாளிகளிடம் தகவல் திரட்ட வேண்டுமானால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறி அனுமதி மட்டும் போதாது, உள்நாட்டுக் குழுவொன்றின் அனுமதியும் வேண்டும். அதற்காகப் பேராதனைக்குப் போனபோது அங்கே ஒரு விரிவுரையாளரைச் சந்தித்தேன். என் வினாக்கொத்தைப் பொறுமையாக வாசித்து, சிங்களத்திலும் தமிழிலும் ஒரே பொருள் வருகிறதா என்று பார்த்துத் தந்தார். அவருடைய உதவியை என் மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே அறிவித்து, ஆய்வேட்டிலும் நன்றியோடு குறிப்பிட்டேன். அப்படி அறிவிப்பதே முறை. உதவுபவர் வழிகாட்டலாம், எழுதித் தரக்கூடாது.

எனக்கு இன்னொரு ஆசிரியரும் இருந்தார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர். விவசாயிகளுக்கு டொக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பதற்காக வயல் வயலாகப் போனவர். மேற்பார்வையாளர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை புத்தகத்தில் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது. "சப்பாத்துப் போட்டால் சேற்றில் கால் புதைந்துவிடும் மிஸ், யாரும் போடமாட்டார்கள்" என்றார். அந்த ஒரு வசனத்தால் என் வினாக்கொத்தின் ஒரு பக்கமே மாறியது.

பதிவுசெய்யுமுன் கேட்கவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர் எனக்கு எத்தனை மணித்தியாலம் தருவார்? ஒப்படைக்குக் குறிப்பு எழுதித் தருவார்களா, புள்ளி மட்டுமா? பரீட்சை எங்கே? பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுமா? வைத்தியத் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய முதுமாணி உங்களை இலங்கையில் விசேட வைத்திய நிபுணர் ஆக்காது. அதற்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பாதை வேறு. நான் அதைத் தெரிந்துகொண்டுதான் படித்தேன். பண வசதி இல்லாதவர்கள் பிரித்தானியாவின் பொதுநலவாயத் தொலைக்கல்விப் புலமைப்பரிசிலை விசாரித்துப் பாருங்கள். யாருக்குத் தகுதி, எந்தப் பாடநெறிக்கு என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இந்த மலரை லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குக் கட்டடம் தந்திருக்கிறீர்கள், கணினி தந்திருக்கிறீர்கள். அடுத்து உங்கள் நேரத்தில் கொஞ்சம் தாருங்கள். நம் சங்கம் ஒரு பதிவேடு தொடங்கட்டும். பெயர், படித்த துறை, மாதத்தில் ஒதுக்கக்கூடிய ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான் தேவை. ஒரு தங்கை ஒப்படை எழுதும்போது அவளுடைய கேள்வியைத் தெளிவாக்கிக் கொடுக்க, ஆசிரியருக்கு முதல் கடிதம் எழுதப் பக்கத்தில் இருக்க, இரண்டு மாதம் சத்தமில்லாமல் இருந்தால் "என்ன பிள்ளை?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தத் தாதித் தங்கைக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் இன்று பட்டத்தோடு இந்த மண்டபத்தில் இருந்திருப்பார். அவர் மீண்டும் பதிவதற்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பதிவேட்டின் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.