பொறுப்பேற்றால் கணக்கும் ஏற்க வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் சட்டத்தரணியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இங்கே இருப்பவர்களில் பலர் வீட்டில் வயது போன தாயையோ தகப்பனையோ பார்த்து வருகிறீர்கள். சகோதரர்கள் வெளிநாட்டில், ஊரில் நிற்கும் மகளின் தலையில்தான் எல்லாம். பாரிசவாதமோ மறதி நோயோ வந்து பெற்றவர் தம் காரியத்தைத் தாமே பார்க்க முடியாமற் போனால், அவருடைய பணத்தை எந்த உரிமையோடு நாம் கையாளுவது?

"அம்மா அற்றோர்ணித் தத்துவம் எழுதித் தந்திருக்கிறா, அது போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். தத்துவம் கொடுத்தவர் அறிவுத் தெளிவை இழந்தால் தத்துவமும் வலுவிழந்துவிடும். அதன்பின் அதை வைத்து முடிக்கும் காணி உறுதி பிற்காலத்தில் வழக்குக்கு இடமாகும்.

அந்நிலையில் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். நீதிமன்றம் மருத்துவச் சாட்சியத்தை ஆராய்ந்து, ஆதனத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கும். ஆளைப் பராமரிக்கப் பாதுகாவலரையும் நியமிக்கலாம்.

நியமனம் பெற்றவருக்கு உள்ள கடமைகள் இவை. காணி, வீடு, வங்கி வைப்பு, நகை, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன் எல்லாவற்றையும் பட்டியலிட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கையும் காட்ட வேண்டும். அவருடைய பணம் நம் பணத்தோடு கலக்கக் கூடாது. நீதிமன்ற அனுமதியின்றிக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அவருடைய கடன் நம் சொந்தக் கடன் ஆகாது. அவருடைய ஆதனத்திலிருந்தே தீர்க்க வேண்டும். ஆனால் நம் கவனயீனத்தால் வரும் நட்டத்துக்கு நாமே பொறுப்பு. வைத்தியசாலையில் செலவுக்குப் பொறுப்பென்று நம் பெயரில் ஒப்பமிட்டாலும் அப்படியே.

தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இன்னொன்று. சீதனக் காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் புத்தி சுவாதீனம் இழந்தவராயின், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். கணவருடைய கைநாட்டை வாங்கிக் காரியத்தை முடிக்கப் பார்க்காதீர்கள்.

சட்டம் படித்த நானும் தவறியவள்தான். அம்மா படுக்கையில் விழுந்தபின் அவவின் ஏ.ரி.எம். அட்டையால் ஓய்வூதியத்தை எடுத்து மருந்துக்கும் பராமரிக்க வந்த பிள்ளைக்கும் செலவழித்தேன். "நான் மகள்தானே" என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்தபின் அண்ணா மெல்லக் கேட்டார், "எவ்வளவு மிச்சம் இருக்குது, தங்கச்சி?" பிஸ்கற் ரின்னில் கிடந்த நாலு மாதப் பற்றுச்சீட்டுகளைத் தவிர என்னிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. அவர் நம்பினார். ஆனால் நம்பவேண்டிய நிலையில் அவரை நான் வைத்திருக்கக் கூடாது.

ஆகவே சகோதரிகளே, இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, வரவு, செலவு, பற்றுச்சீட்டு. மாதம் ஒருமுறை அதைப் படமெடுத்து எல்லாச் சகோதரருக்கும் அனுப்புங்கள். பெற்றோர் தெளிவோடு இருக்கும்போதே உறுதிகள், வங்கிப் புத்தகங்கள், அவர்களுடைய விருப்பம் எல்லாவற்றையும் கேட்டறிந்து வையுங்கள். இரவு பகலாகப் பார்த்தவள்மீது பின்னர் பழி விழாமல் காப்பது அந்தக் கொப்பிதான்.