சென்னையிலிருந்து ஒரு நாள்

(நம் பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், கோவளத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "வெளிநாட்டு அனுபவங்கள்". நேரம் பதினைந்து நிமிடம். நேரத்தை மீற மாட்டேன். தலைப்பை மட்டும் கொஞ்சம் மீறப் போகிறேன். அவர் மன்னிக்க வேண்டும்.

வேலை விஷயமாக இரண்டு மாதம் எஸ்டோனியா நாட்டின் தலைநகர் தாலினில் இருக்க வேண்டி வந்தது. பால்டிக் கடலோர நகரம். ஜனத்தொகை மொத்தமே நாலரை லட்சம் சொச்சம்தான். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், எதிர் மேஜைக்காரர் ஒரு தாளை எடுத்து நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அதுதான் தாலின். கிழக்கே எழுபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு புள்ளி. லாஹெமா தேசியப் பூங்கா. 1971-ல், சோவியத் யூனியன் முழுவதற்குமே முதல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடமாம். சதுப்பு நிலத்தின் மேலே பலகை அடித்துப் பாதை போட்டிருக்கிறார்கள், கால் நனையாமல் நடக்கலாம் என்றார். வடக்கே ஒரு கோடு இழுத்தார்; கப்பலில் இரண்டு மணி நேரம், ஹெல்சின்கி. காலையில் வேற நாட்டுக்குப் போயிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்! இப்படி எட்டு சனிக்கிழமைக்கு எட்டு இடம். எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு மனுஷன் ஒரு கேள்வி கேட்டார்: "நான் சென்னைக்கு வந்தால் நீ என்ன படம் வரைந்து கொடுப்பாய்?"

மெரினா என்றேன். மகாபலிபுரம் என்றேன். அப்புறம் வண்டி நின்று போச்சு.

நான்கு வருஷம் இந்த ஈ.சி.ஆர். ரோட்டில் பைக்கில் சுற்றியவன் நான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் இதே ஊரில் சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிறவன். எனக்கே மூன்றாவது இடம் வாயில் வரவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் அமெரிக்கா, ஜெர்மனி ஆட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று வாரம் லீவில் வருவார்கள். கல்யாணம், பேங்க், பல் டாக்டர், தி.நகர். "குழந்தைகளுக்கு ஊரைக் காட்டணும்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே விமானம் ஏறிவிடுவார்கள்.

ஊர் திரும்பியதும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கிளம்பினோம். நான், மனைவி, ஏழு வயதுப் பெண், கட்டுச்சோறு. அந்தத் தாளைத்தான் இன்று உங்களுக்கு வரைந்து காட்டப் போகிறேன்.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கோவளம். இதை ஏதோ பீச், மீன் வறுவல் என்று நினைக்கிறோம். 1720-களில் இங்கே பெல்ஜியம் பக்கத்து ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் வந்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். பிறகு ஆற்காட்டு நவாப் ஒரு கோட்டை கட்டினார், சதத் பந்தர் என்று பெயர். 1750-ல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்து பிடித்தார். அந்தக் கையோடு செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். இங்கிருந்த கோட்டையை இடித்தாகிவிட்டது. அது நின்ற இடத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல். நம் சங்கத்தின் நிதி நிலைமை கருதி நாம் அங்கே கூடவில்லை. ஒரே ஊரில் தர்கா, மாதா கோயில், மீனவர் குப்பம் மூன்றும் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு நடை போய் வந்தாலே பாதி நாள் போய்விடும்.

வடக்கே கொஞ்ச தூரத்தில் முட்டுக்காடு. படகுத் துறை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? 1996-ல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளை அந்தந்த ஊரில் கழற்றி, இங்கே கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். சிவில்காரர்கள் அந்த மர இணைப்புகளைப் பார்த்தால் வெளியே வர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்த இரண்டையும் மாற்றி ஞாபகம் வைத்துக்கொண்டு இரண்டு தடவை பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

முதலைப் பண்ணை 1976-ல் ஆரம்பித்தது. முதலையை விட எனக்குப் பிடித்தது அங்குள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். பாம்பு பிடித்துத் தோல் விற்ற மக்களுக்கு, 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பு போயிற்று. 1978-ல் சங்கம் வைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். என் பெண் அங்கே பார்த்ததை ஒரு மாதம் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழியில் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள். நம்மில் இன்னும் கல்யாணம் ஆகாத இரண்டு பேருக்கு இதற்கு மேல் குறிப்பு தேவையில்லை. அதைத் தாண்டிச் சாளுவன்குப்பம். புலிக்குகையோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள்; சற்று வடக்கே மணலில் ஒரு முருகன் கோயில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது கல்வெட்டுள்ள பாறை வெளியே தெரிந்தது. மறு வருஷம் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலத்துக் கோயில், அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். மகாபலிபுரத்தைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. வெயில் ஏறும் முன் போங்கள், அவ்வளவுதான்.

இன்னும் தெற்கே கல்பாக்கத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டை. இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். உள்ளே சித்திரம் செதுக்கிய கல்லறைகள், தானியக் கிடங்கு, மதிலுக்கு அப்பால் கடல். நாங்கள் போன அன்று எங்களைத் தவிர ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் இருந்தது. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் பீரங்கியால் சுட்டுக்கொண்டன என்று நம்பவே முடியாத அமைதி.

உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் திருக்கழுக்குன்றம். ஐந்நூறுக்கு மேல் படி. மூட்டு வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிட்டதை நம் அப்பா அம்மா தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறு என்ற இனம். தொண்ணூறுகளோடு வருவது நின்றுவிட்டது. பறவை பார்க்க வேண்டுமானால் வேடந்தாங்கல் போக வேண்டும். அந்த ஏரிக்குப் பறவைகளை அரசாங்கம் கொண்டுவரவில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்களே காத்து வந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டையாட வந்தபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1790-களின் கடைசியிலேயே அதிகாரப்பூர்வமான உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் மரத்தில் பூத்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இதோடு முடித்திருந்தால் செயலாளர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் கோவளத்தில் நின்றுகொண்டு ஒரு நாள் பயணம் பற்றிப் பேசிவிட்டு அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

2009, ஆகஸ்ட். கடைசி வருஷம். மதியம் லேப் கட் அடித்துவிட்டு ஒன்பது பேர், நாலு பைக், இங்கிருந்து தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு ஓரம். மூன்று பேர் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்லக்கூடாது என்று நேற்று இரவு உத்தரவு. எங்களிலேயே நன்றாக நீந்தத் தெரிந்தவன் அவன்தான். பவானி ஆற்றில் நீந்தி வளர்ந்தவன். மற்ற இடத்தில் அலை பலமாக உடைகிறது, இங்கே தண்ணி சும்மா கிடக்குது என்று சொல்லி, அவன்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான்.

பத்து நிமிஷத்தில் அவன் தலை சின்னதாகத் தெரிந்தது. கையைத் தூக்கினான். நாங்கள் டாட்டா காட்டுகிறான் என்று நினைத்தோம். திருப்பி டாட்டா காட்டினோம்.

நான் காட்டிய அந்தக் கையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தோப்பு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தார். பின்னிக்கொண்டிருந்த ஊசியைப் போட்டுவிட்டு ஓடினார். கூட ஒரு பையன். கட்டுமரத்தைத் தள்ளி, இரண்டு அலை தாண்டி, துடுப்பு போட்டுப் போய், இவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மரத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாந்தி எடுத்தான். கண் திறந்தான். அப்புறம்தான் அவர் எங்களைத் திட்ட ஆரம்பித்தார்.

"அலை உடையுற இடத்துல நின்னா அது உன்னைத் தூக்கிக் கரையில போடும் தம்பி. சும்மா கிடக்குதே, அதுதான் உள்ள இழுத்துட்டுப் போற வழி. படிச்ச புள்ளைங்கதானே நீங்க?"

படித்த பிள்ளைகள்தான். மூன்றாவது செமஸ்டரில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸ் செய்தவர்கள்தான். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும் அல்லவா? மணல் திட்டில் எங்கே பள்ளமான இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாக ஒன்றுசேர்ந்து ஓடும். அங்கே ஆழம் அதிகம். ஆகவே அலை உடையாது. ஆகவே பார்க்க அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். பலமான இழுப்பு நொடிக்கு இரண்டு மீட்டர் வரை ஓடும். ஒலிம்பிக் வீரன் நூறு மீட்டர் நீந்துவதும் ஏறக்குறைய அதே வேகம்தான். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவன் களைத்துப் போகிறான். இவனும் அதைத்தான் செய்தான். ஆனால் அந்த இழுப்பின் அகலம் சில பத்து மீட்டர்தான். எதிர்க்காமல் மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். பிறகு அலை உடையும் இடம் வழியாகக் கரைக்கு வரலாம். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்த வேண்டும். கரையில் நிற்பவர் டாட்டா காட்டக்கூடாது, பின்னாலேயே குதிக்கவும் கூடாது. கயிறோ, மிதக்கும் எதையாவதோ எறிந்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். வற்றும் நேரத்தில் கழித் தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்கு ஓடும். கோவளத்தில் 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. குழந்தைகள் கால் நனைக்க வேண்டுமென்றால் அங்கே, காவலர் கண்ணுக்கு முன்னால்.

அன்று பாக்கெட்டைத் தடவி முந்நூற்று நாற்பது ரூபாய் திரட்டி அவரிடம் நீட்டினோம். "பெட்ரோலுக்கு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய் ஊசியைத் தேடினார். மணலில் அது கிடைக்கவில்லை. நாங்களும் சேர்ந்து தேடினோம், கிடைக்கவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு கிளம்பினோம். அவர் பெயரைக் கேட்க ஒன்பது பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இந்தச் சந்திப்புக்கு இடம் பார்க்க மூன்று மாதம் முன்பு வந்தபோது குப்பத்துக்குப் போய் விசாரித்தேன். வலைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "அண்ணே, 2009-ல ஒரு காலேஜ் பையனைக் காப்பாத்தினாரே, அவர் யாருன்னு தெரியுமா?" என்றேன். அவர் சிரித்தார். "எந்தப் பையனை தம்பி? வருஷத்துக்கு எத்தனை பேரை இழுத்துப் போடுறோம், நாங்க என்ன நோட்டா போட்டு வெச்சிருக்கோம்? அடையாளம் ஏதாச்சும் சொல்லு" என்றார். அடையாளம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வலை ஊசி தொலைந்தது. அதைச் சொன்னேன். விசாரித்து வைக்கிறேன் என்றார். நேற்று மாலை போன் செய்தார். தெற்குத் தெருவில் ஒருவர் இருக்கிறார், அவராக இருக்கலாம், இப்போது கடலுக்குப் போவதில்லை, கண் பார்வை குறைவு என்றார்.

மூன்றாவது வரிசைக்காரனுக்கு அவர் முகம் ஞாபகம் இல்லை. முடியைப் பிடித்த கை மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். அவன் மனைவிக்கு இந்த விஷயம் முழுக்க நேற்று இரவுதான் தெரியும். ஆகவே அம்மா, தயவுசெய்து இன்று சாப்பாடு முடியும் வரை அவனை ஒன்றும் கேட்காதீர்கள்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு வேடந்தாங்கல் வேன் இந்த வாசலிலிருந்து புறப்படும்; பெயர் கொடுத்தவர்கள் பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். மற்றவர்கள் காபி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கு இதே வாசலில் நின்றால், ஒரு எட்டுப் பேர் குப்பத்துக்கு நடந்து போகிறோம், நீங்களும் வரலாம். அன்று கரையில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் இந்த ஹாலில் இருக்கிறீர்கள். நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.