தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நாங்கள் சொல்லும் ஊர் தரங்கம்பாடி. நம் நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, திருக்கடையூர் வழியாகப் பாதை. காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பலாம்.

அநேகர் அங்கே போய், கோட்டைக்கு முன் நின்று படம் எடுத்து, கடற்கரையில் சுண்டல் தின்று வந்துவிடுகிறார்கள். கோட்டை பார்க்கவேண்டியதுதான், 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க் நாட்டார் கட்டியது. ஆனால் அதோடு நின்றுவிடாமல், இராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழையுங்கள். 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதைக் கட்டிய சீகன்பால்கு ஐயர் மறு ஆண்டே, 36 வயதில் மரித்து, அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார். 1706 ஜூலை 9-ஆம் தேதி கப்பலிலிருந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் குறைவு.

அவருடைய ஊழியம் காணிக்கையால் நடந்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லாமல் யார் சொல்வது? அச்சு இயந்திரம் இலண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் வார்த்து அனுப்பினார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடலைக் கண்ணால் கண்டதில்லை. இங்கிருந்து போன கடிதங்களை 1710 முதல் ஹாலேயில் அச்சிட்டு அவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். நாங்கள் உங்களுக்கு அனுப்பும் செய்தி மடலுக்கு அதுவே மூத்த அண்ணன்.

ஆஸ்பத்திரியைத் தாங்குகிறவர்கள் அறியவேண்டிய வேறொன்றும் உண்டு. அந்த மிஷனுக்கு முதல் மருத்துவராக ஷ்லேகல்மில்க் என்பவர் 1730-இல் வந்து, அதே ஆண்டில் இறந்துபோனார். அதற்கு வெகு முன்பே, 1711-இல், சீகன்பால்குவின் தோழர் கிரண்ட்லர் ஐயர் தமிழ் வைத்திய நூல்களிலிருந்து தொகுத்த ஒரு கையெழுத்து நூலை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தார். ஆகவே நம்முடைய ஊர் வைத்தியரிடம் பாடம் கேட்டதுதான் முதலில். சீமை மருத்துவர் வந்தது பிறகு. இந்த வரிசை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. நோயாளியின் பாட்டி சொல்வதைக் கேளாமல் மருந்துச் சீட்டு எழுதும் இளம் டாக்டர்களிடம் இதைச் சொல்லி அவர்களுடைய கோபத்தையும் சம்பாதித்திருக்கிறோம்!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போவதானால் ஒரு காரியம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமி அந்த ஊரில் நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டது. நம் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் அதே காலை. ஆண்டுதோறும் அந்நாளில் மீனவக் குடும்பங்கள் கடலிலே பாலூற்றிப் பூத்தூவி அழுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் சபையார் அல்ல. நம் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு இன்னும் இறக்கப்படாதிருக்கும் நேரம் அது.

புதுத்துணி உடுத்திய நம் பிள்ளைகள் அந்தக் கரையில் நிற்கக்கூடாதா என்று ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்கள். தாராளமாய் நிற்கட்டும். பாலூற்றி முடியும்வரை கேமராவைப் பைக்குள் வைத்திருங்கள், பிள்ளைகளும் சற்று அமர்ந்திருக்கட்டும். யாராவது ஒரு அம்மா தன் மகனைப்பற்றிப் பேச வந்தால், உடனே வசனம் சொல்லித் தேற்றப் பார்க்காதீர்கள். பெயர் என்ன, எந்த வகுப்பில் படித்தான் என்று கேளுங்கள். வார்டில் பிள்ளையை இழந்தவர்களிடம் நாங்களும் முதலில் பெயரைத்தான் கேட்கிறோம்.

மழைக்காலம் முடிந்தும் முடியாத மார்கழியில் அங்கே அலை முரட்டுத்தனமாய் இருக்கும், கரையோரம் பாறைக் கற்களும் உண்டு. பிள்ளைகளின் கையை விடாதிருங்கள்.