சவரப் பிரஷை நனைத்தல்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பெரியோர் பலர் இம்மேடையில் பேசியமர்ந்தனர். எளியேனோ நம் அடைப்பத்தினுள் கிடக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். நுரை கூட்டுவதற்கு முன் சவரப் பிரஷை எவ்வாறு நனைத்துப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதே என் விஷயம். இதுவும் ஒரு பிரசங்கமோ என்று சிலர் நகைக்கலாம். கத்தியைத் தீட்டுவதில் நாம் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கையேனும் பிரஷினிடம் காட்டுகிறோமா என்று அன்னோர் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்ப்பாராக.

நம் பாட்டனார் காலத்தில் நாட்டுப்புறங்களில் பிரஷும் இல்லை, சோப்பும் இல்லை. வந்தவரைத் திண்ணையிலோ மரத்தடியிலோ அமர்த்தி, கிண்ணியில் நீர் வைத்து, விரல்களால் அந்நீரைத் தாடியில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பர். ஊர்ச்சேதி ஒருபுறம் நடக்கும். தேய்த்தல் மட்டும் நில்லாது. அதன் பின்னரே கத்தியை எடுப்பர். அவர்கள் கண்டிருந்த உண்மை யாதெனில், தாடியை இளக்குவது நீரேயன்றிப் பிறிதொன்றன்று என்பதாம். உலர்ந்த மயிர் விறைப்பானது. நீரை உறிஞ்சிய பின்னரோ அது சிறிது பருத்து, மென்மையுற்று, கத்திக்கு எளிதில் இணங்கும். அதற்கு இரண்டு மூன்று நிமிஷங்களாவது வேண்டும். சோப்பு நுரையானது மயிரின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கி நீருக்கு வழிவிடுகிறது; அந்நீர் உலர்ந்துபோகாமல் முகத்தில் நிறுத்துகிறது; கத்தி வழுக்கிச் செல்லத் துணைசெய்கிறது. பிரஷோ அந்நீரைச் சுமந்து செல்லும் கையேயாம்.

இதனை நான் கற்றது புத்தகத்திலன்று. தகப்பனாரிடம் தொழில் பழகிய நாளில், ஒரு கலியாண வீட்டில், முகூர்த்தத்துக்கு நாழிகை நெருங்கிவிட்டதென்ற பரபரப்பில், உலர்ந்த பிரஷை நீரில் ஒருமுறை தோய்த்தெடுத்து நுரை போட்டுவிட்டேன். ஒரு கன்னம் முடிவதற்குள் மறு கன்னத்து நுரை பொருக்குத் தட்டியது. கத்தி இழுத்தது, இரத்தம் அரும்பியது. மாப்பிள்ளையின் தமையனார் நல்லவர். படிகாரத்தைத் தடவச் சொல்லிப் பேசாதிருந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் தகப்பனார் ஒன்றே சொன்னார்: "தாகத்தோடு இருக்கும் பிரஷ் நீ குழைத்த நுரையின் தண்ணீரைத் தானே குடித்துவிடும், அப்புறம் தாடி எதைக் குடிக்கும்?" அச்சொல்லை நான் இன்றளவும் மறந்தேனில்லை.

பிரஷ்கள் பலவகை. பன்றிமயிர்ப் பிரஷ் விறைப்பானது. நீரை நன்கு உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் வெதுவெதுப்பான நீரில் மூன்று முதல் ஐந்து நிமிஷம் அது ஊற வேண்டும். பழகப் பழக அதன் மயிர்நுனி பிளந்து மென்மையுறும். பேட்ஜர் என்னும் வளைதோண்டும் விலங்கின் மயிரால் ஆன பிரஷ் இயல்பிலேயே மெத்தென்றிருக்கும். மயிர்களுக்கிடையே நீரை மிகுதியாகத் தாங்கும். சற்று நேரம் ஊறினாலே போதும். செயற்கை இழைப் பிரஷ் நீரை உறிஞ்சுவதில்லை. நனைத்து உதறினால் போதுமானது. பன்றிமயிரைச் சமயங் கருதி விலக்குவோர் உளர். அவர்கள் வினவுமுன்னரே இன்ன மயிரென்று உண்மை சொல்லுதல் நம் கடமை.

நனைக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, கொதிநீர் ஆகாது. அது மயிரைக் கெடுப்பதுடன், மயிர்க்கற்றையைப் பிடிக்குள் நிறுத்தும் பசையையும் தளர்த்திவிடும். கை தாங்கும் சூடே அளவு. இரண்டாவது, மயிர் மட்டுமே நீரில் அமிழட்டும்; பிடி அமிழ வேண்டா. மூன்றாவது, எடுத்தவுடன் இரண்டு மூன்று முறை உதறுக. நீர் சொட்டும் பிரஷினால் கூட்டிய நுரை குமிழியாகப் பொங்கி ஓடிவிடும். நான்காவது, சோப்பில் சுழற்றியபின் துளித்துளியாக நீர் சேர்த்து, பெருங்குமிழியற்று நுரை தயிர்போல் மினுங்கும்வரை குழைத்திடுக. பிரஷ் ஊறும் அந்நேரத்தில் நாம் சும்மா இராமல், வெந்நீரில் தோய்த்த சுத்தமான துணியை வந்தவர் தாடையில் ஒற்றி வைத்தால் காலமும் வீணாகாது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நனைப்பது வேறு, சுத்தி செய்வது வேறு. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரின்போது வழக்கமான வாணிக வழிகள் அடைபட, மலிவான குதிரைமயிர்ப் பிரஷ்கள் மேல்நாட்டுப் படைவீரர் கைக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றில், மாட்டுக்கு வரும் அடைப்பான் நோயின் கிருமி ஒளிந்திருந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 200 பேருக்கு மேல் முகத்திலும் கழுத்திலும் அந்நோய் கண்டனர், மாண்டோரும் உளர். அக்கிருமியின் வித்துக்கள் வெந்நீருக்கு அஞ்சுபவையல்ல. 1919இல் பிரிட்டனில் அந்நோய்க்கென ஒரு தடுப்புச் சட்டம் பிறந்தது.

அந்த ஆபத்து இன்று மிக அரிது. ஆயினும் ஒருவர் முகத்தில் தடவிய பிரஷைக் கழுவாமல் அடுத்தவர் முகத்தில் வைத்தால் படர்தாமரையும் சீழ்க்கொப்புளமும் பரவக் கூடும். பிளேடை மாற்றாவிடில் மஞ்சட்காமாலைக் கிருமிகள் இரத்தத்தின் வழியே செல்லக் கூடும். ஆகவே பிளேடு ஆளுக்கொன்று என்பதில் தளர்ச்சி வேண்டா. வாடிக்கைக்காரர் தமக்கென்று பிரஷ் வைத்துக்கொள்ள இணங்குவாராயின் மிக நன்று. இன்றேல் செயற்கை இழைப் பிரஷ்கள் பலவற்றை வைத்து, ஒவ்வொன்றையும் ஒருவருக்குப் பயன்படுத்தியவுடன் சோப்பு போகக் கழுவி, கிருமிநாசினி நீரில் இட்டு, மீண்டும் அலசி, காற்றாட உலர்த்துக. ஈரத்தோடு பெட்டியில் அடைத்தல் கூடவே கூடாது.

நண்பர்களே! நம்மை மருத்துவர் என்று இந்நாட்டார் அழைத்தது வெறும் உபசாரமன்று. நம் முன்னோர் புண்ணுக்கு மருந்திட்டனர். நம் தாய்மார் பேறு பார்த்தனர். பிணி தீர்த்த கை பிணி சுமக்கும் கையாக மாறலாமா? கழுவிய பிரஷும் ஐந்து நிமிஷப் பொறுமையும் பெரிய செலவல்ல. நம்மை நம்பிக் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டுகின்றவருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே. இளைஞர்கள் நாளைக் காலையில் கடை திறந்ததும், கத்தியைத் தொடுமுன் பிரஷை நீரில் இடுவார்களாக.