26 வயது வரை

அமெரிக்காவில் ஒரு காலத்தில், கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகள் பலர், பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டையும் இழந்தனர். அதனால் விளைந்த துன்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மாணவி மிஷேல் மோர்ஸ், குடற்புற்றுநோய்க்குக் கடும் சிகிச்சை பெற்றுக்கொண்டே முழுநேரமும் கல்லூரியில் பயின்றார். ஓய்வெடுத்தால் காப்பீடு போய்விடும் என்ற அச்சமே காரணம். 2005-இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் 2008-இல் பிறந்த சட்டம், நோயுற்ற மாணவர்க்கு ஓராண்டு வரை மருத்துவ விடுப்பில் காப்பீடு நீடிக்க வழிசெய்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டமோ, படித்தாலும் படிக்காவிடினும், மணம் புரிந்தாலும் புரியாவிடினும், 26 வயதாகும்வரை பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளைகள் தொடரலாம் என்றது. சிலர் இதனைச் சோம்பலுக்கு இடந்தரும் சலுகை என்பர். நோயாளியை நோயோடும் தேர்வோடும் ஒருங்கே போராட விடாத அறம் என்றே நான் சொல்வேன்.